ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை: வயர்லெஸ் மவுஸைத் திறந்து பார்ப்போம்

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், தோட்டத்துப் பெண்கள் ஆறு பேருடைய நேர்காணல் ஒலிப்பதிவுகளை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மவுஸ் பிடியை விட்டுவிட்டது. பதிவுகள் எங்கே போய் விழுந்தன என்று தேடிப் பிடிக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன்: இடது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால், கணினி அதை இரண்டு தடவையாக எடுத்துக்கொள்கிறது.

கொடகவெல டவுனில் விசாரித்தேன். புதிய வயர்லெஸ் மவுஸ் 2,400 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. லயத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் மவுஸ் பழுதானால், அந்தச் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு நாள் கொழுந்து. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிய பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் யோசிக்காமல் தூக்கி எறிய முடிவதில்லை. கட்டுரைக்குக் கட்டுரை காசு வாங்கும் எனக்கும் கணக்கு அதுதான். திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் கணினி பழகியது ஒரு நெனசல நிலையத்தில். அங்கே இருந்தவை அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ்கள். உருண்டையோடு ஒட்டி வரும் அழுக்கு உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் படிந்ததும் அம்பு நகராது. அடியில் இருக்கும் வளையத்தை விரலால் திருகினால் போதும், உருண்டை கையில் விழும். நகத்தால் சுரண்டிவிட்டு மூடிவிடலாம். (பொடியன்கள் உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவதால், வகுப்பு முடிந்ததும் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்துத்தான் விடுவார்.) அழுக்குப் படியும் என்று தெரிந்தே, திறப்பதற்கென்று செய்யப்பட்ட சாதனம் அது.

1999 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஒளி மவுஸில் உருண்டை இல்லை. அதற்குப் பதிலாக, கீழே உள்ள பரப்பை விநாடிக்கு 1,500 தடவை படமெடுக்கும் மிகச் சிறிய கமெரா ஒன்று இருந்தது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அது கணித்தது. இப்போதைய மவுஸ்களும் அப்படித்தான் இயங்குகின்றன. உருண்டையோடு அந்த வளையமும் போய்விட்டது. ஆனால் அழுக்குப் போகவில்லை. பொத்தானும் சக்கரமும் இன்னமும் தேய்கின்றன.

என் மவுஸின் அடியில் ஓர் ஆணிகூடக் கண்ணில் படவில்லை. அவை வழுக்கிச் செல்ல ஒட்டியிருக்கும் பாதப் பட்டைகளுக்குக் கீழேயும், ஸ்டிக்கருக்குக் கீழேயும், சிலவற்றில் பெட்டரிக் குழிக்குள்ளேயும் ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் தடவினால் ஓரிடம் பள்ளமாகப் போகும், ஆணி அங்கேதான். முதலில் பெட்டரியைக் கழற்றுங்கள். பாதப் பட்டையின் மேல் வெந்நீர்த் தம்ளரை ஒரு நிமிடம் வைத்தால் பசை இளகும். பிறகு மெல்லிய ஊசியால் ஓரத்திலிருந்து நெம்பலாம். கிழிந்தால் மறுபடி ஒட்டுவது சிரமம், அவசரப்படாதீர்கள். ஆணி கழன்றதும் மேல்மூடியைக் கத்தியால் பிளக்க வேண்டாம். பழைய ரீலோட் கார்ட் போதும். மூடியை ஒரேயடியாக இழுக்கவும் வேண்டாம், இரண்டு பாகத்தையும் இணைக்கும் மெல்லிய நாடா சிலவற்றில் இருக்கும்.

உள்ளே நான் கண்டது பெரும்பாலும் முடி. சக்கரத்தின் அச்சில் சுற்றிக் கிடந்ததை ட்வீஸரால் எடுத்தேன். சக்கரம் தாறுமாறாக ஓடுவதற்கும் அம்பு குதிப்பதற்கும் பல வேளை காரணம் இதுதான். கமெராத் துளையில் ஒரே ஒரு முடி இருந்தாலே போதும். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைக்கலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அல்கலைன் பெட்டரி கசிந்து தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அது காரம். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ ஒரு சொட்டுப் போட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பெட்டரி உள்ளே இருந்தால், அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது.

இரட்டை அழுத்தம் வேறு விஷயம். பொத்தானுக்குக் கீழே மூக்குத்தி அளவுக் குமிழ் வைத்த ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் ஒரு செப்புக் கலவைத் தகடு வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது அது துள்ளி மற்ற முனையில் தொடுகிறது. எந்தத் தகடும் தொட்டதும் சில மில்லிவிநாடிகள் அதிரும். அந்த அதிர்வைக் கணக்கில் எடுக்காமல் விட மவுஸின் சிப் பழக்கப்பட்டிருக்கிறது. தொடுமுனை தேய்ந்தோ ஒக்சைட் படலம் படிந்தோ இருந்தால் அதிர்வு நீள்கிறது, சிப் அதை இரண்டாவது அழுத்தமாக எண்ணிவிடுகிறது. வயர்லெஸ்ஸில் பெட்டரியை மிச்சம் பிடிக்க மிகக் குறைந்த மின்னோட்டமே ஸ்விட்ச் வழியே போகிறது. படலத்தை உடைக்க அது போதாது என்பது பழுது பார்ப்பவர்கள் சொல்லும் விளக்கம். பெட்டியில் 10 மில்லியன் அழுத்தம் என்று போட்டிருந்தாலும், நம் மேசையில் அது முன்னதாகவே தொடங்குவது இதனால்தான்.

குமிழோரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு நூறு தடவை அழுத்தினேன். மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது, பிறகு பழையபடி. ஸ்விட்சைத் திறந்து தகட்டை வளைக்கலாம் என்கிறார்கள். நான் என்னிடமிருந்த ஒரு செத்த மவுஸில் முயன்றேன். தகடு துள்ளிப்போய் எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் டவுனில் போன் திருத்தும் ஒருவரிடம் கொண்டு போனேன். "நங்கி, இதுக்குப் புதுசா ஒண்ணும் வேணாம்" என்றார். வலது பக்க ஸ்விட்சும் அதே வகைதான், இடதில் பத்தில் ஒரு பங்குகூட அதை அழுத்தியிருக்க மாட்டோம். சோல்டரிங் அயனால் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினார். பத்து நிமிட வேலை, 300 ரூபா வாங்கினார்.

லொஜிடெக் நிறுவனம் ஐஃபிக்சிட் உடன் சேர்ந்து சில மாடல்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் திட்டத்தை 2023 இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் இருக்கின்றன, மவுஸ் இல்லை. பட்டைக்குக் கீழே ஆணியை ஒளிப்பவர்களை எந்தச் சட்டமும் இன்னும் கேட்கவில்லை.

பாதப் பட்டை ஒன்று கிழிந்துவிட்டது. அந்த மூலையில் செலோடேப் ஒட்டியிருக்கிறேன். இடது பொத்தான் இப்போது நன்றாக வேலை செய்கிறது. வலது பொத்தானை அழுத்தினால் மெனு சில வேளை திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது. மறுபடி அழுத்திக்கொள்கிறேன்.