செய்திப் படம் பிடிப்பவர்

இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, குடும்பத்தோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து செய்தி பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எங்கோ ஓர் ஊரில் வெள்ளம் வந்திருக்கிறது. "ஐயோ, பாவம்!" என்கிறோம். பார்வையிட வந்த அமைச்சரின் பெயர் திரையின் கீழே எழுத்தில் ஓடுகிறது. செய்தி வாசிக்கும் அம்மையாரின் பெயரோ குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால், இடுப்பளவு நீரில் நின்று அந்தப் படத்தைப் பிடித்தவர் யார் என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? அவரைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

உதாரணமாக, தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஏரலை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊர். சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்கெல்லாம் சாமான் வாங்க இதுதான் கடைத்தெரு. ஆடி அமாவாசையன்று அருணாசல சுவாமி கோயிலில் பெருங்கூட்டம் கூடும். இத்தகைய சிற்றூருக்குச் சென்னையிலுள்ள செய்தி நிலையங்கள் மாதச் சம்பளத்தில் ஆள் நியமிப்பதில்லை. எடுத்து அனுப்பும் படத்துக்கு மாத்திரம் கூலி பெறும் சுயேச்சைப் படக்காரர்களையே நம்பியிருக்கின்றன. 'ஸ்டிரிங்கர்' என்று அவர்களைச் சொல்வது வழக்கம்.

ஏரலுக்கு அருகேதான் பண்டைய முத்துத் துறையாகிய கொற்கை இருக்கிறது. இந்தக் கடற்கரையில் அரசாங்கம் நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. அந்நாளில் குளியாளிக்குச் சம்பளம் கிடையாது. கொண்டுவந்த சிப்பியில் ஒரு பங்குதான் கூலி. சிப்பிக்குள் முத்து இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மூச்சடக்கியதெல்லாம் வீண். செய்திப் படக்காரரின் ஜீவனமும் ஏறக்குறைய அப்படித்தான். பத்துப் படம் அனுப்பினால் இரண்டுதான் ஒளிபரப்பாகும். மற்ற எட்டுக்கும் பெட்ரோல் செலவு அவருடையதே. முத்துக்குளிப்பு நின்றுவிட்டது, அதன் கூலிக் கணக்கு மட்டும் வேறு தொழிலில் புகுந்து உயிரோடிருக்கிறது!

காலையில் மறியல், நண்பகலில் அதிகாரியின் பேட்டி, மாலையில் கோயில் கொடியேற்றம், நடுராத்திரியில் சாலை விபத்து என்று அவருடைய பொழுது கழிகிறது. பேட்டி கொடுப்பவர் சொல்லும் நாலு வாக்கியத்துக்கு இவர்கள் பாஷையில் 'பைட்' என்று பெயர். அதைப் பிடித்து, வேண்டாததை நறுக்கி, விவரத்தை எழுதிச் சேர்த்து, கைபேசி வழியாக அனுப்பினால்தான் வேலை முடிந்ததாகும். மைக்கைப் பிடிப்பவரும், படம் எடுப்பவரும், வண்டி ஓட்டுபவரும் அநேகமாக ஒரே ஆசாமிதான். முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம் பிடித்து, குடும்பச் செலவைச் சமாளிக்கிறவர்கள் பலர். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் சமயத்தில் சென்னையிலிருந்து அவசர அழைப்பு வந்தால் அவர் என்னதான் செய்வார்? கல்யாண வீட்டார் கொடுப்பது கைமேல் பணம். செய்தி நிலையத்தார் கொடுப்பது வரும்போது வரும் பணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஜில்லாவில் ஒருவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமில்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை. இத்தகைய வேளையில் படம் பிடிப்பது பாதிக் காரியந்தான். மின்கலம் தீருமுன் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் வரையில் நீரில் நடக்க வேண்டும். அந்தப் படம் போய்ச் சேர்ந்தால்தான், இங்கே ஓர் ஊர் தவிக்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரியும். "அண்ணாச்சி, எங்க தெருவையும் கொஞ்சம் எடுங்க!" என்று கூரை மேலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்றால், அது விளம்பர ஆசையினால் அல்ல, படகு வரவேண்டுமே என்ற கவலையினால்தான்.

இங்கேதான் இத்தொழிலின் பெரிய தர்மசங்கடம் எழுகிறது. கண்ணெதிரே ஒரு கிழவி நீரில் தள்ளாடுகிறாள். காமிராவைப் பிடிப்பதா, கையைப் பிடிப்பதா? கையைத்தான் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையைப் பிடித்தவருக்கு அன்றைய கூலி போயிற்று என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் மட்டுமே அபாயமன்று. 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். போலீஸ் வாகனத்தின் மேல் ஏறி ஒருவர் குறிபார்த்த காட்சியைத் தேசமே கண்டது. அதைப் படம் பிடிக்க அங்கே எவரும் நின்றிராவிட்டால், பின்னால் விசாரணை செய்வோருக்கு வெறும் வாய்ச்சொல்தான் மிஞ்சியிருக்கும்.

நமது தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றிப் படம் தயாரிக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பிறகு சுமார் ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, முப்பது வருஷ காலத்தில் ஏறக்குறைய நூறு பேர் பிடித்திருந்த 50,000 அடிப் படத்தைத் தேடிச் சேர்த்தார். 1940 ஆகஸ்டில் சென்னையில் அவருடைய படம் வெளியாயிற்று. அந்த நூறு பேரும் அன்றன்றைய காட்சியைப் பிடித்தவர்கள். சரித்திரம் எழுதுகிறோம் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததில் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது, 1953இல் அமெரிக்காவில் சுருக்கி வெளியிட்ட ஆங்கில வடிவமே.

காந்தி மகானின் படத்துக்கே இந்தக் கதி என்றால், ஏரல் வெள்ளத்தின் படத்தை யார் பாதுகாப்பார்கள்? படம் பிடித்தவரோ, அடுத்த செய்திக்கு இடம் வேண்டி, பழையதை அழித்துவிடுகிறார். வேறு வழியில்லை. 1955ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்திப் புகைப்படக்காரரையும் பத்திரிகையாளர் என்றே ஏற்றது. ஆயினும் அது பத்திரிகை ஸ்தாபனங்களில் வேலைக்கு அமர்ந்தோரைக் கருதி எழுதப்பட்டதே தவிர, துண்டுக்குக் கூலி பெறுபவரைக் கருதியதன்று.

நாம் கேட்பது அதிகமில்லை. அபாயமான இடத்துக்கு ஒருவரை அனுப்பும் நிலையம், படம் ஒளிபரப்பானாலும் ஆகாவிட்டாலும், அன்றைய கூலியையும் செலவையும் கொடுக்கட்டும். அவர் பெயரில் விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்கட்டும். திரையின் ஓரத்தில் அவர் பெயரையும் போடட்டும். ஒவ்வொரு மாவட்ட நூலகத்திலும் அந்த ஜில்லாவின் செய்திப் படங்களைச் சேமிக்க ஓர் அலமாரி ஏற்படட்டும். நேயர்கள் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் காமிராவும் கையுமாக அலையும் அந்த மனிதரை அடுத்த முறை கண்டால், "தம்பி, வெள்ளத்தின்போது எடுத்த படங்களை வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒருவராவது கேட்கிறார் என்று தெரிந்தால், அவற்றை அழிக்குமுன் அவர் கொஞ்சம் யோசிப்பார்.