சோடா உப்பு எல்லா மாட்டுக்கும் ஆகாது

மாடு தீனி எடுக்காவிட்டால் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுவது பலரிடம் உள்ள வழக்கம். சென்னை தேனாம்பேட்டை போன்ற இடங்களில், மேய்ச்சலுக்கு வழியின்றிச் சந்துகளில் மாடு வைத்திருப்போர் ஓட்டலில் மிஞ்சும் சோற்றைப் போடுவதுண்டு. சோறு மிகுந்தால் பெருவயிற்றில் புளிப்பு ஏறும். அதற்குச் சோடா பொருந்தும். ஆனால், கன்று ஈன்று ஒரு மாதத்திற்குள் இருக்கும் கலப்பினப் பசுவுக்கு அதே சோடா எமனாகலாம்.

பசுவின் நான்காவது வயிறு அமிலம் சுரக்கும். அது குடலுக்குள் இறங்கி மீண்டும் இரத்தத்தில் சேர வேண்டும். ஈன்ற பின் இந்த வயிறு காற்றடைத்து இடப்பக்கம் நகர்ந்துவிட்டால் அமிலம் அங்கேயே தங்கும். இரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்து காரம் மிகும். இதுவே காரமிகை நோய்.

பசு புண்ணாக்கைத் தொடாது, வைக்கோலை மட்டும் சிறிது கடிக்கும். பால் குறையும். சாணம் கொஞ்சமாக, பசைபோல் விழும். மருத்துவர் இடப்பக்கக் கடைசி விலா எலும்புகளைத் தட்டிக் கேட்டால், காலி டின்னைத் தட்டியது போல ஓசை வரும். வலப்பக்கம் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

சோதனைத் தாள் வைத்திருப்போர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நல்ல பசுவின் சிறுநீர் காரமாகவே இருக்கும். இந்நோய் முற்றினாலோ, இரத்தம் காரமாயிருக்க, சிறுநீர் அமிலமாக மாறும். உப்புச் சத்துக்கள் குறைந்த நிலையில் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அமிலத்தை வெளியேற்றுவதே காரணம். தாளைப் பார்த்துப் 'புளிப்பு' என்று சோடா கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

மருத்துவர் சாதாரண உப்பு நீரை (0.9 சதம்) இரத்தக் குழாயில் ஏற்றுவார், பொட்டாசியம் குளோரைடும் சேர்ப்பார். லாக்டேட் கலந்த திரவம் உடலில் காரமாக மாறுவதால் அது இங்கு ஏற்றதன்று. நீர் ஏற்றுவதோடு வேலை முடியாது. வயிற்றைப் பழைய இடத்திற்குக் கொண்டுவந்து தைக்க வேண்டும். பசுவை மல்லாத்தி உருட்டும் முறையும் உண்டு, எனினும் வயிறு மறுபடி நகர்வது சகஜம். வலப்பக்க முறுக்கலில் உருட்டவே கூடாது.

சென்னையிலுள்ளோர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். வெளியூர்களில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்கலாம்.

ஈனுமுன் பசு வயிறு நிறைய வைக்கோலும் தட்டையும் தின்னட்டும். ஈன்றபின் கலப்புத் தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டாமல், நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏற்றுவது நலம்.