துரோகி எண்டா என்னப்பா?

போன மாதம் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாள். கேக் வெட்டி, றோல்ஸும் தேத்தண்ணியும் வந்த பிறகு வழமைபோல ஊர் அரசியல் தொடங்கியது. கொழும்பு அரசோடு பேசித்தான் ஏதாவது எடுக்கலாம் என்றார் ஒரு மாமா. எதிரில் இருந்த அண்ணர் ஒருவர், "உங்களைப்போல துரோகியளாலதான் சனம் இப்பிடிக் கிடக்குது" என்றார். அதோடு கதை முடிந்தது. மாமா எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு 183 பஸ் எடுக்கப் போய்விட்டார். நானும் வாய் திறக்கவில்லை.

இரவு மகள் கேட்டாள்: "துரோகி எண்டா என்னப்பா? மாமா என்ன செய்தவர்?"

முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. நம்பினவரைக் காட்டிக்கொடுப்பது துரோகம். அது ஒரு செயல். இரண்டாவதற்குத்தான் பதில் இல்லை. மாமா ஒன்றும் செய்யவில்லை. ஒரு கருத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் அரசியலில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைச் சேர்ந்தவர். 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டில் நடந்த உயிரிழப்புகளுக்கு அவரையும் பொறுப்பாளியாக்கினார்கள். மேடைகளில் அவர் துரோகி ஆனார். 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்தது சரியா பிழையா என்று வாதாட நிறைய இருந்தது. அந்த வாதம் நடக்கவே இல்லை.

அந்த மேடைகளின் பெரிய பேச்சாளர்களில் ஒருவர் அ. அமிர்தலிங்கம். 1977இல் எதிர்க்கட்சித் தலைவரானார். 1981இல் அவருடைய கூட்டணி மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றபோது, இளைஞர்கள் அதே சொல்லை அவர்மீது திருப்பினார்கள். 1989 யூலை 13 அன்று, பேசவேண்டும் என்று கொழும்பு வீட்டுக்கு வந்த விடுதலைப் புலிகள் அவரையும் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். இந்தச் சொல் எறிந்தவரிடமே திரும்பி வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பெயர் சூட்டுவது நாங்கள் மட்டும் செய்த வேலை அல்ல. உரிமை கேட்டவர்களை எல்லாம் இலங்கை அரசு 'பயங்கரவாதி' என்றது. பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் எழுதிய கட்டுரைகளுக்காகவும் அவை வந்த இதழுக்குப் பணம் சேர்த்ததற்காகவும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009இல் 20 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு பெயரால் வாய் அடைக்கப்படும் வலி எங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் பிள்ளைகள் வளரும் இந்த நாட்டிலும் இது நடந்தது. 2016 யூன் 16 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ் கொல்லப்பட்டார். பிறெக்சிற் வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருந்தது. நீதிமன்றத்தில் கொலையாளியிடம் பெயரைக் கேட்டபோது, துரோகிகளுக்கு மரணம் என்பதையே தன் பெயராகச் சொன்னான்.

இவ்வளவையும் சொன்னது, பிறந்தநாள் வீட்டில் விழுந்த ஒரு சொல் கொலையில் முடியும் என்று பயமுறுத்த அல்ல. அந்தச் சொல் செய்கிற முதல் வேலை ஒன்றுதான்: சொன்ன கருத்தை விட்டுவிட்டுச் சொன்ன ஆளைப் பிடிக்கிறது. பிறகு பதில் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் காரணங்களுக்கு முதல் பெயர்களைத்தான் படிக்கிறார்கள். கோயில் நிர்வாகச் சண்டை, மதம் மாறிய சொந்தக்காரர் பற்றிய கதை எல்லாம் இதே வழியில்தான் போகின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொல் விழுந்தால், அந்த இடத்திலேயே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அவர் சொன்னதில எது பிழை?" கோபத்தோடு என்றாலும் பரவாயில்லை, காரணம் வரட்டும்.

நான் அன்று அதைக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாமாவுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, எனக்கு இது பழகிப்போச்சு" என்றார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

மாமா சொன்னதை நான் இன்னமும் ஏற்கவில்லை. இந்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். ஏன் ஏற்கவில்லை என்று அவருக்குச் சொல்லவேண்டும். மகளும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.