ஆற்றில் தண்ணீர் இருக்கிறதே, குழாயில் ஏன் வரவில்லை?

ஒரு ஜனவரி மாதம் கரோல் பாக்கிலிருந்து தெரிந்த மாமி ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "நீ தண்ணி விஷயம் படிச்சவனாச்சே, சொல்லு. நேத்து நிஜாமுதீன் பாலத்து மேல வந்தேன். யமுனைல தண்ணி ஓடறது. எங்காத்துக் குழாயில மூணு நாளா காத்துதான் வர்றது. ஏன்?"

கேள்வி நியாயமானது. பத்திரிகையில் "அம்மோனியா கூடியதால் குடிநீர் உற்பத்தி குறைப்பு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பவருக்கு என்ன புரியும்?

முதலில், மாமி பார்த்தது யமுனைத் தண்ணீரே அல்ல. தில்லிக்குள் நுழையும் நதியை வடக்கே வஜீராபாத் தடுப்பணையில் நிறுத்தி, வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அணைக்குக் கீழே விடுவதற்கு மிச்சம் அநேகமாக இருப்பதில்லை. அணையைத் தாண்டிய உடனே நஜாப்கர் சாக்கடை வந்து சேருகிறது. (அது ஒரு காலத்தில் சாஹிபி என்ற நதி. இன்று அதை நதி என்றால் சிரிப்பார்கள்.) பாலத்துக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்த ஊர்க்கழிவுதான்.

இந்தச் சாக்கடைக்கும் நம் குழாய்க்கும் பழைய பகை உண்டு. 1955-ல் வெள்ளத்துக்குப் பின் நதி போக்கு மாறியது. நஜாப்கர் கழிவு பின்னோக்கி ஏறி, வஜீராபாத்தில் தண்ணீர் இறைக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலுமாக ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின் வைரஸைத் தப்பவிட்டுவிட்டது. தடுப்பணை 1959-ல்தான் வந்தது.

இப்போது ஆபத்து மேலிருந்து வருகிறது. பானிபட், சோனிபட் பகுதிகளின் சாயப்பட்டறைக் கழிவும் வீட்டுக் கழிவும் வடிகால்கள் வழியாக நதியில் கலக்கின்றன. குளிர்காலத்தில் நதியில் நீர் குறைவு, அதனால் கழிவு நீர்த்துப்போவதில்லை. குளிரில் அம்மோனியாவைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்களும் சோம்பிவிடுகின்றன.

அம்மோனியா அந்த அளவில் விஷம் என்று பயப்பட வேண்டாம். தகராறு குளோரினோடுதான். குளோரின் போட்டால் அது கிருமியைக் கொல்லப் போவதற்கு முன் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அதற்குக் கொல்லும் சக்தி மிகவும் கம்மி. ஒரு பங்கு அம்மோனியாவைத் தீர்த்துக்கட்ட எட்டிலிருந்து பத்துப் பங்கு குளோரின் வேண்டும், அதற்கு மேல் போடுவதுதான் கிருமிக்குப் போய்ச் சேரும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஏறக்குறைய 1 மில்லிகிராம் வரை இந்த நிலையங்கள் சமாளிக்கும். அதைத் தாண்டினால் கால்வாயில் வரும் நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்வார்கள், முடியாவிட்டால் உற்பத்தியைக் குறைப்பார்கள். கிருமியோடு அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது மேல் என்பது கணக்கு. சரியான கணக்குதான்.

ஹரியானாவைத் திட்டுவது தில்லியில் ஒரு பொழுதுபோக்கு. நாம் கீழே அனுப்புவது என்னவாம்? வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். நதியின் நீளத்தில் இரண்டு சதவீதம்கூட வராது. யமுனையின் மாசில் முக்கால் பங்குக்கு மேல் இந்தத் துண்டில்தான் சேருகிறது. நதிக்கரையிலேயே இருக்கும் ஆக்ராவுக்கு, 2019-லிருந்து கங்கைத் தண்ணீரை நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

மயூர் விகார் பக்கம் இருப்பவர்கள், "எங்களுக்குக் கங்கை ஜலம், கவலையில்லை" என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் மேல் கங்கைக் கால்வாயை வருடாவருடம் தசரா சமயத்தில் தூர்வார மூடுவார்கள். அப்போது அவர்களுடைய நிலையங்களும் யமுனையைத்தான் நம்ப வேண்டும்.

மாமியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "மாமி, குழாயில நேரா மோட்டார் வெச்சிருக்கேளா?"

"எல்லாரும் வெச்சிருக்கா. நாங்க மட்டும் வெக்காம இருந்தா ஒரு பக்கெட்கூட ரொம்பாது."

நானும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். குழாயில் அழுத்தம் இல்லாதபோது மோட்டார் இழுத்தால், பழைய குழாயின் ஓட்டைகள் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். தண்ணீரில் குளோரின் சக்தி குறைந்திருக்கும் அதே நாட்களில். எங்கள் வீட்டில் ஒருமுறை மஞ்சள்காமாலை வந்தது. காரணம் மோட்டார்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அதைக் கழற்றி, தரைத் தொட்டியில் தானாக விழும் தண்ணீரை மட்டும் மேலே ஏற்றும்படி மாற்றிவிட்டேன். தண்ணீர் நின்று திரும்ப வரும் நாளில் முதல் அரைமணித் தண்ணீர் செடிக்கு. குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான்.

"அப்போ குறைச்சலாத்தானே வரும்?" என்றார் மாமி.

"ஆமாம் மாமி, குறைச்சலாத்தான் வரும்" என்றேன்.