அந்துருண்டையும் விண்வெளிப் பனியும்

துணி அலமாரியில் பூச்சி அண்டாமலிருக்கப் போடும் அந்துருண்டையை வெகுகாலமாக நாப்தலீனில்தான் செய்துவந்தார்கள். இரண்டு கார்பன் வளையங்கள் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும் மூலக்கூறு அது. இப்படி வளையங்கள் சேர்ந்து உருவானவற்றுக்குப் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்று பெயர். விறகுப் புகையில் இருக்கும் இவை விண்மீன்களுக்கு இடையிலும் ஏராளம். ரிஷப விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 430 ஒளியாண்டு தொலைவிலுள்ள மேகமொன்றில் நாப்தலீனின் உறவான சயனோநாப்தலீன் இருப்பது 2021இல் உறுதியானது.

உறைந்த மேலுறை

இத்தகைய மேகங்களுக்குள் குளிர் மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அங்கே மிதக்கும் நுண்தூசி மீது நீரும் அம்மோனியாவும் மெத்தனாலும் பனியாகப் படிகின்றன. வளைய மூலக்கூறுகளும் அந்தப் பனிக்குள் சிக்கிக்கொள்கின்றன.

வெப்பம் இல்லை, ஒளி உண்டு

அவ்வளவு குளிரில் வழக்கமான வேதிவினைகள் நடப்பது அரிது. அந்தக் குறையைப் புறஊதா ஒளி தீர்க்கிறது. விண்மீன் ஒளி எட்டாத அடர்ந்த மேகத்திலும், காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜனைத் தாக்கி அந்த ஒளியை உண்டாக்குகின்றன. ஒளி பட்டதும் நீர் மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகள் பக்கத்திலிருக்கும் வளையத்தைப் பற்றிக்கொள்கின்றன.

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மேக்ஸ் பெர்ன்ஸ்டீன், ஸ்காட் சாண்ட்ஃபோர்டு, லூயி அலமண்டோலா உள்ளிட்டோர் இதே சூழலை ஆய்வகத்தில் அமைத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவுகளின்படி, பனியில் ஆல்கஹால்களும் ஈதர்களும் குவினோன்களும் உருவாகியிருந்தன. நாப்தலீனை வைத்துச் செய்த சோதனையில் நாப்தோகுவினோன் கிடைத்தது. கீரையிலுள்ள, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் அடிப்படைச் சட்டகம் இதுதான். ஒளிச்சேர்க்கையிலும் செல்களின் சுவாசத்திலும் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்பவையும் குவினோன்களே.

விண்கல் தரும் சாட்சி

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் இருந்த அரோமேட்டிக் சேர்மங்களில், கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. கன ஹைட்ரஜன் கலந்த பனியில் புறஊதா ஒளி பாய்ச்சியபோது, ஆய்வகத்திலும் வளைய மூலக்கூறுகள் அதை ஏற்றுக்கொண்டன. விண்கல்லில் உள்ள அடையாளத்துக்கு இது பொருத்தமான விளக்கம்.

இதை வைத்து உயிர் விண்ணில் தோன்றியது என்று சொல்லிவிட முடியாது. வைட்டமினின் சட்டகம் வேறு, உயிருள்ள செல் வேறு. ஆனால் உயிர்கள் இன்றும் பயன்படுத்தும் சில சேர்மங்கள் உருவாக நீர்ப்பனியும் கரிவளையமும் ஒளியும் போதும். இவை மூன்றும் பூமி பிறப்பதற்கு முன்பே விண்வெளியில் இருந்தன.