மெட்டு ஏறும் கைக்குழந்தை

கைக்குழந்தையோடு காரில் புறப்படும் குடும்பத்துக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. குழந்தையை எதில் உட்கார வைப்பது? வழியில் அது தூங்கிவிட்டால் என்ன செய்வது? கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில் இந்தக் கேள்விகளுக்குக் கூர்மை அதிகம். தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். ஆனால் திராட்சையும் நெல்லும் விளையும் தேனி மாவட்டச் சமவெளியில் தொடங்கும் சாலை, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி 600 மீட்டருக்கு மேல் உயர்ந்து, இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காட்டில் போய்ச் சேர்கிறது. கேரள எல்லைச் செக்போஸ்டைத் தாண்டினால் நெடுங்கண்டத்துக்கும் கட்டப்பனைக்கும் வழி பிரியும். தடுப்பூசிக்கும் குலதெய்வக் கும்பிடுக்கும் தாய்வீட்டுக்கும் இந்த வழியாகப் போய்வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவை தாயின் மடியில்தான் பயணம் செய்கின்றன.

மடி ஏன் போதாது என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். வளைவில் எதிரே வந்த லாரியில் மோதி, கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காரும் பெல்ட் போட்ட தாயும் நின்றாலும் குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 70 கிலோ சுமையைத் தாங்கும் விசை கைகளுக்கு வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 110 கிலோவைத் தாண்டுகிறது. நெல் மூட்டை தூக்கிப் பழகிய கையாக இருந்தாலும், எதிர்பாராத அந்தக் கணத்தில் இந்தச் சுமையைத் தாங்காது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் கொடியது. அவருடைய உடல் எடை முழுவதும் பிள்ளையை முன்சீட்டோடு வைத்து நசுக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டாலும் இதே ஆபத்துதான்.

அடுத்தது கழுத்து. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் முழு எலும்பாகியிருக்காது. ஒவ்வொரு முள்ளெலும்பும் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாக இருக்கும். அவை ஒன்றாகச் சேர மூன்று முதல் ஆறு வயது வரை ஆகும். ‘கழுத்து நின்றுவிட்டது’ என்று பாட்டிமார் சொல்வது தசையின் வலுவைப் பற்றியது. அதை வைத்து எலும்பும் கெட்டிப்பட்டுவிட்டதாக எண்ணக் கூடாது. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்புறம் ஒருசேர ஏந்திக்கொள்ளும்.

இந்த யோசனை சுவீடனில் பிறந்தது. கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்ததைக் கவனித்தார். ராக்கெட் கிளம்பும் விசையை அவர்களின் முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. 1964இல் வால்வோ காரில் பின்னோக்கிய குழந்தை இருக்கையின் முதல் மாதிரியை அவர் பொருத்திப் பார்த்தார். சுவீடனில் நான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைப் பின்னோக்கி உட்கார வைப்பது இன்றும் வழக்கம். குழந்தையின் உயரத்தை அளவாகக் கொள்ளும் ‘ஆர்129’ என்ற ஐரோப்பிய விதி, 15 மாதம் முடியும் முன் முன்னோக்கித் திருப்பக் கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் வயது வரம்பையே எடுத்துவிட்டு, இருக்கை தாங்கும் எடையும் உயரமும் எட்டும் வரை பின்னோக்கியே வைக்கச் சொன்னது.

இந்தியக் கடைகளில் இன்னும் அதிகம் கிடைப்பவை ‘ஆர்44’ என்ற பழைய விதிப்படி எடையை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 13 கிலோ வரை தாங்கும் வாளி வடிவச் சிறு இருக்கை முதல் வகை, கைப்பிடியோடு வரும். பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் திருப்பி வைக்கக்கூடியது இரண்டாவது. பெரும்பாலும் 18 கிலோ வரை. மூன்றாவது, காரின் பெல்ட் பெரிய பிள்ளையின் கழுத்தில் உரசாமல் தோளில் விழும்படி உயர்த்தித் தரும் பூஸ்டர். நம் குழந்தைகள் ஒரு வயதில் ஒன்பது கிலோவை ஒட்டியும், இரண்டு வயதில் பன்னிரண்டு கிலோவை ஒட்டியும் இருப்பார்கள். எடையை மட்டும் பார்த்தால் முதல் வகை இருக்கை இரண்டு வயதுக்கு மேலும் போதும் என்று தோன்றும். உண்மையில் உயரம்தான் முதலில் மிஞ்சும். உச்சந்தலை இருக்கையின் மேல்விளிம்பை நெருங்கிவிட்டால் அந்த இருக்கை சிறிதாகிவிட்டது என்று பொருள். பல பிள்ளைகளுக்கு இது ஒரு வயதை ஒட்டியே நடந்துவிடுகிறது. காசைக் கணக்குப் பார்க்க வேண்டிய குடும்பம் தொடக்கத்திலேயே இரண்டாம் வகையை வாங்கலாம். பச்சிளங்குழந்தைக்கும் ஏற்ற அளவுக்குச் சாய்கிறதா என்பதை மட்டும் கடையிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கால் மடங்கிப் பின்சீட்டில் முட்டுகிறது என்பதற்காக முன்னோக்கித் திருப்பிவிடுவது மிகப் பரவலான தவறு. சம்மணமிட்டு உட்காரும் பிள்ளைக்குக் கால் மடங்குவது ஒரு துன்பமும் இல்லை.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பழைய இருக்கைகள் மலைநாட்டில் நிறையப் புழக்கத்தில் உள்ளன. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள சான்றுச்சீட்டு, உற்பத்தி நாள், வார்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. விபத்தில் சிக்கிய இருக்கையை மட்டும் ஏற்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், அடுத்த மோதலில் அது உடைந்துபோக.

பொருத்துவதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. காரின் பின்சீட்டு மடிப்புக்குள் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருந்தால் இருக்கையை நேரடியாகப் பூட்டலாம். இல்லையென்றால் மூன்று முனை பெல்ட்டை இறுக்கிக் கட்டலாம். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. தோள் வார், பின்னோக்கிய நிலையில் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய நிலையில் தோளுக்கு நேராகவோ சற்று மேலிருந்தோ. தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விழக் கூடாது. மலைக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். கம்பத்தில் வியர்க்கும், மேலே சாரலும் குளிருமாக இருக்கும். அதனால் கிளம்பும்போதே தடித்த ஸ்வெட்டர் போட்டு அதன்மேல் வாரை மாட்டுகிறார்கள். மோதலின்போது கம்பளியின் பருமன் அமுங்கி, வாரும் உடலும் விலகி இடைவெளி விழுந்துவிடும். மெல்லிய உடையோடு வாரை இறுக்கிவிட்டு, வாருக்கு மேலே துண்டோ சால்வையோ இடுப்புவரை போர்த்துவதே சரி.

முன்சீட்டில், ஏர்பேக் செயல்படும் நிலையில், பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. ஏர்பேக் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரியும். அது மோதும் இடத்தில் குழந்தையின் தலை இருக்கும். 2024 செப்டம்பர் இறுதியில் மலப்புரம் மாவட்டத்தில், முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை கார் மோதியபோது ஏர்பேக் விரிந்து இறந்தது. அடுத்த மாதமே கேரளப் போக்குவரத்து ஆணையர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒன்று முதல் நான்கு வயது வரை குழந்தை இருக்கை, அதற்கு மேல் 14 வயது வரை 135 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குப் பூஸ்டர், டிசம்பர் முதல் அபராதம் என்றது அது. ஓரிரு நாளில் போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார், கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். ஆனால் நாடு முழுவதற்குமான சட்டம் மாறவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவரைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. மெட்டின் இரு பக்கமும் அதுவே சட்டம். ஒரு வயதுக்குக் கீழுள்ள, கழுத்து மிக மென்மையான பிள்ளைகள் கேரள அறிவிப்பின் கணக்கில் வராமல் போனது பெரிய குறை.

சொந்தக் கார் இல்லாதவர்களின் நிலை வேறு. விடியும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் மலை ஏறுகின்றன. அவற்றின் பின்பகுதியில் எதிரெதிராக நீள இருக்கைகள், பெல்ட் இல்லை. பக்கவாட்டு இருக்கையில் எந்தக் குழந்தை இருக்கையையும் பொருத்த முடியாது. ஏர்பேக் இல்லாத வண்டியின் முன்சீட்டில் மூன்று முனை பெல்ட் இருந்தால் அங்கே பின்னோக்கிய இருக்கையைக் கட்டலாம். வாடகை வண்டி பேசும்போது இதைக் கேட்டுப் பேசுவது நல்லது. அதுவும் இல்லையென்றால் நெருக்கியடித்த ஜீப்பைவிடக் கைக்குழந்தைக்குப் பேருந்து எவ்வளவோ மேல். எடை மிகுந்த வண்டி மோதலில் சட்டென்று நிற்பதில்லை. உள்ளிருப்பவர்மேல் விழும் விசையும் குறைகிறது.

இனி தூக்கம். வண்டி கிளம்பிய பத்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிப்போவதற்கும் சேலைத் தொட்டிலில் தூங்குவதற்கும் வேர் ஒன்றுதான். சீரான ஆட்டத்தை உள்காதின் சமநிலை உறுப்பு உணர்ந்து மூளையை அமைதிப்படுத்துகிறது. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் குமி குரோதா குழுவினர், தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு சில நொடிகளிலேயே தணிவதை 2013இல் காட்டினார்கள். எலிக்குஞ்சை அதன் தாய் கவ்விக்கொண்டு போகும்போதும் இதேதான் நடக்கிறது.

ஆனால் கார் இருக்கை தொட்டிலாகிவிடாது. அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் பச்சிளங்குழந்தையின் கனத்த தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் படிந்தால், குழாய் மடிந்ததுபோல் மூச்சுவழி குறுகும். குழந்தை அழாது, திமிறாது. நிறம் மட்டும் மாறும். அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் இறந்த 11,779 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 348 பேர் உட்காரும் வகைக் கருவிகளில் இறந்திருந்தனர். அவர்களில் ஏறக்குறைய 63 விழுக்காட்டினர் கார் இருக்கையில். அந்த இருக்கைகள் காருக்குள் முறைப்படி பயன்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிகழ்வுகளில்தான். மற்றவை பெரும்பாலும் வீட்டில், படுக்கைக்குப் பதிலாகப் பயன்பட்டவை. ஓடும் காரில், சரியான சாய்வில், வார் இறுக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தை தூங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஊர் வந்த பிறகும் ‘எழுப்ப வேண்டாம்’ என்று இருக்கையோடு தூக்கித் திண்ணையில் வைப்பதில்தான் ஆபத்து. முதல் சில வாரங்களில் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காமல் இருப்பதும், பிறகும் இரண்டு மணிக்கொரு முறை வெளியே எடுத்து நீட்டிப் படுக்க வைப்பதும் மருத்துவர்களின் அறிவுரை. குறைமாதக் குழந்தையாக இருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதல் பயணத்துக்கே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலையில் அழும் பிள்ளையை இருக்கையிலிருந்து எடுத்துப் பால் கொடுக்கும் பழக்கம் மிகவும் கவலைக்குரியது. வளைவுகள் மிகுந்த பகுதியில்தான் பிள்ளையும் அதிகம் அழும். காரணம் பெரும்பாலும் காதடைப்பு. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைக்குக் குறுகலானது, கிடைமட்டமானது. இறங்கும்போது ஏறும் காற்றழுத்தத்தை உடனே சமன்செய்ய முடியாது. விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும். எனவே பால் கொடுப்பது சரியான மருந்துதான். அதை வண்டியை ஓரமாக, வளைவில்லாத அகலமான இடத்தில் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

பகல் தூக்கம் மாதத்துக்கு மாதம் மாறும். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நான்கு முதல் பதினொரு மாதம் வரை ஒரு நாளில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம். நான்கு மாதத்தில் மூன்று, நான்கு துண்டுகளாக இருக்கும் பகல் தூக்கம், ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் காலை, மதியம் என இரண்டாகும். ஒன்றே கால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மதியத் தூக்கம் மட்டும் மிஞ்சும். மூன்று வயதுக்கு மேல் அதுவும் கழன்றுகொள்ளும். இந்த மாற்றத்துக்கான விளக்கம் ஸ்விட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த கருத்தில் இருக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் தூக்க அழுத்தம் ஏறும், தூங்கினால் வடியும். சிறு குழந்தைக்கு அது சீக்கிரம் நிரம்பும். வளர வளரக் கொள்ளளவு கூடும்.

பயண நேரத்தை இதை வைத்துக் குறிக்கலாம். ஏழு மாதப் பிள்ளை விழித்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆனதும் கிளம்பினால், மெட்டு ஏறும் அரை மணிச் சொச்சமும் வழக்கமான காலைத் தூக்கத்தோடு பொருந்திப்போகும். மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கதை வேறு. இருபது நிமிடத் தூக்கம்கூட அழுத்தத்தைக் கணிசமாக வடித்துவிடும். இரவு பத்தானாலும் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். மாலைப் பயணம் தவிர்க்க முடியாதென்றால், மதியத் தூக்கத்தைத் தாமதிக்காமல் முடித்துவிட்டு, இரவுத் தூக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டியதுதான். காலையில் கிளம்பினாலும், வளைவுகளில் தடைபட்ட அரைகுறைத் தூக்கம் முழுத் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதால், போய்ச் சேர்ந்ததும் மதியம் ஒரு நல்ல தூக்கத்துக்கு இடம் வைக்க வேண்டும்.

தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது ஒரு நிமிடமானாலும் கூடாது. மூடிய காரின் உள்ளே வெப்பம் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். மேலே மெட்டில் குளிர்காற்று அடித்தாலும் வெயில் பட்டால் இதே கணக்குதான்.

வீடு சேர்ந்ததும் வாரை அவிழ்த்துக் குழந்தையை எடுக்கும்போது பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். ரிகென் குழுவினர் 2022இல் இதற்கும் ஒரு வழி சொன்னார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கிடத்தாமல், நெஞ்சோடு அணைத்தபடி ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கம் ஆழமான பிறகு, தலையணை வைக்காத, குழியாத, சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தலாம்.