ஒரே லைனில் அடுப்பும் கீசரும்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாகக் கப்பலில் வந்திறங்கும் இயற்கை எரிவாயு, மீண்டும் வாயுவாகும்போது சுமார் 600 மடங்கு பெருகுகிறது. மணலி ஆலைகளுக்குப் போகும் இந்த வாயு வீடுகளுக்கும் குழாயில் வருகிறது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் வினியோக உரிமை டோரண்ட் கேஸ் நிறுவனத்துக்கு.

குழாய் வந்த வீட்டில் அடுத்து எழும் கேள்வி: "அதே லைன்ல ஒரு கீசரும் மாட்டிக்கலாமா?" மாட்டலாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பர்னருக்குள் வாயுவை விடும் ஜெட். ஒரு கன மீட்டர் சிலிண்டர் வாயு தரும் வெப்பம், அதே அளவு குழாய் வாயு தருவதைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். அதனால் குழாய் வாயுவுக்கான ஜெட்டில் துளை பெரிது. சிலிண்டருக்கான அடுப்பை அப்படியே இதில் இணைத்தால் தீ சோம்பி எரியும். குழாய்க்கான அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் மஞ்சள் தீ எழுந்து பாத்திரம் கரி பிடிக்கும். கீசரும் குழாய் வாயுவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, குழாயின் அகலம். வீட்டுக்குள் வாயுவின் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். 21 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான். ஒரு கீசர் நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற பத்து கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். சாதாரண அடுப்பு பர்னர் ஒன்றுக்கு இரண்டு கிலோவாட் போதும். மெலிந்த குழாயைக் குளியலறை வரை நீட்டினால், கீசரைப் போட்டதும் அடுப்புத் தீ இறங்கும். ரப்பர் டியூபில் 'டி' வைத்து இழுப்பது ஆபத்து. நிறுவனத்தின் ஆட்களே தனி வால்வுடன் உலோகக் குழாய் போட வேண்டும்.

மூன்றாவது, காற்று. குழாய் வாயுவில் உள்ள மீத்தேன் எரிய அதைப்போல பத்து மடங்கு காற்று தேவை. அந்தக் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 12 கன மீட்டர் காற்றை இழுக்கும். சின்னக் குளியலறைக்குள் அவ்வளவு காற்றே இருக்காது. காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது; ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனி.

வடசென்னைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கசியும் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். குழாய் வாயு லேசானது. கூரையை நோக்கி ஏறும். அது வெளியேற மேலே வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் நிலக்கரித் தூசுக்காகவும் சாம்பலுக்காகவும் மக்கள் முதலில் அடைப்பதோ அதே வென்டிலேட்டரைத்தான். தூசுக்கு மெல்லிய கம்பி வலை அடித்து, அவ்வப்போது கழுவிவிடலாம். அட்டை வைத்து அடைத்த அடுக்களையில் குழாய் வாயு இணைப்பே கூடாது.